பதிவேட்டில் ‘அன்நோன் பைட்’: கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆட்சியர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் 14 மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால் அது மனுவாகிவிடும். மனு எண் விழும், ‘உரிய நடவடிக்கைக்காக’ வேறொரு துறைக்குப் போகும், மூன்று மாதம் கழித்து முடித்துவைக்கப்பட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாதையில் எத்தனை திருப்பம் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் ஜெல்லிமீன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

போன தை மாதம், காணும் பொங்கலுக்கு மறுநாள், பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கரையில் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊராக இருந்தாலும் அன்று நடந்ததேதான் நடந்திருக்கும். காற்று வாடையும் கொண்டலுமாகக் கரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் கூட்டம் விட்டுப்போன கரும்புச் சக்கையும் பிளாஸ்டிக் தட்டும் அலை ஓரத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. அந்த வரிசைக்கு நடுவே விரல் நீளத்தில் நீலமாகப் பளபளத்த ஒன்றைப் பார்த்துவிட்டு, “தாத்தா, பலூன்!” என்று ஓடினாள். ஒன்பது வயது. பலூனைப் பார்த்தால் எடுக்கத்தானே செய்வாள்? பலூனுக்குக் கீழே ஈர மணலில் நீலநூல் மாதிரி நீளமாக ஏதோ கிடந்தது. தூக்கினாள், நூல் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அவள் கத்திய கத்தலில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அவைதான். கையை உதறிப் பார்த்து, அது போகாமல், மணலை அள்ளித் தேய்த்தேன். பிறகு பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அவள் இன்னும் அலறினாள். ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். இளைஞர் ஒருவர், ஏதோ ஆங்கிலத் தொடரில் பார்த்ததாகச் சொல்லி, மூத்திரம்தான் மருந்து என்றார். அதை மட்டும் செய்யவில்லை. ரோஸ்மில்க் வண்டிக்கு ஓடி ஐஸ்கட்டி வாங்கிவந்து ஒத்தடம் கொடுத்தேன். அந்த வண்டிக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், டீக்கடை பாய்லர் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள்தான் என் கையைத் தட்டிவிட்டார். “தேய்க்காதீங்க ஐயா, சொறி அது. நல்ல தண்ணி ஊத்துனா இன்னும் பிடிக்கும். கடத்தண்ணிய ஊத்துங்க” என்றார். நாலு கை கடல்நீரை அள்ளி ஊற்றிவிட்டு, மிச்சமிருந்த நீல இழைகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். “உங்களுக்குச் சுடலையாம்மா?” என்று கேட்டேன். “கை காய்ச்சிருக்குய்யா” என்றார். விரல்நுனித் தோல் தடிப்பானது, கொட்டும் ஊசி அதை எளிதில் தாண்டாது என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சொறி, சொறிமுட்டை. இந்தப் பெயரை ரசிக்காமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஆங்கிலக்காரன் அதன் கொழகொழப்பைப் பார்த்துப் பெயர் வைத்தான், மீனே இல்லாததை மீன் என்றும் சொல்லிவைத்தான். நம் கடற்கரைக்காரர்கள் அது மனித உடம்பில் என்ன செய்கிறது என்பதையே பெயராக்கிவிட்டார்கள். நோயறிகுறி பெயரிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் முப்பது வருடம் மாத்திரை எண்ணிக்கொடுத்திருக்கிறேன்.

அங்கிருந்து ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பணியில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, கூட்டம் அப்படி. “என்ன கடிச்சுது?” என்று கேட்டார் செவிலியர். ஜெல்லிமீன் என்றேன். பேனா கொஞ்சம் தயங்கியது. நாய், பாம்பு, தேள் எல்லாவற்றுக்கும் அவருக்குப் பழகிய வழி இருக்கிறது, இதற்கு இல்லை. ‘அன்நோன் பைட்’, அதாவது எது கடித்ததென்று தெரியாத கடி, என்று எழுதினார். ஒவ்வாமைக்கு ஏவில் ஒன்று, வீக்கத்துக்கு டெக்ஸா ஒன்று, டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஒன்று, மூன்று ஊசி. இரண்டு நாளைக்கு மாத்திரை. வெந்நீர் பற்றி யாரும் பேசவில்லை. நான் வேலையில் இருந்திருந்தாலும் அதையேதான் எடுத்துக்கொடுத்திருப்பேன், கொடுத்தும் இருக்கிறேன். ‘அன்நோன் பைட்’ என்று எழுதிய எத்தனையோ சீட்டுகள் என் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவற்றில் எத்தனை கடலிலிருந்து வந்தவை என்று இப்போது யோசித்து என்ன பயன்?

வீட்டுக்கு வந்தபின் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளியில் ஹைட்ரா படம் வரைந்திருப்பீர்கள். அதன் இழைகளில் ‘கொட்டும் செல்கள்’ என்று அம்புக்குறி போட்டு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். ஜெல்லிமீன் அதே குடும்பம். ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் ஒரு குப்பி, குப்பிக்குள் சுருட்டிவைத்த குழல். உள்ளே அழுத்தம் சுமார் 150 மடங்கு வளிமண்டலம். ஏதாவது உரசினால் மூடி திறந்து குழல் உள்வெளியாகப் புரண்டு பாய்கிறது. ஹைட்ராவில் இதை அதிவேகக் கேமராவில் எடுத்து அளந்திருக்கிறார்கள். ஊசி பாய எடுக்கும் நேரம் 700 நானோ நொடி, ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. கண் இமைப்பதற்குள் என்று சொன்னால் அது ரொம்ப நிதானமாகச் சொன்னதாகும்.

நமக்கு இதில் முக்கியமான விஷயம், இந்தச் செல்லுக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. உயிரினம் செத்து மணலில் காய்ந்து கிடந்தாலும், இழை மட்டும் தனியாக அறுந்து வந்தாலும் அது கொட்டும். என் பேத்தியின் மணிக்கட்டைச் சுற்றிய இழையில் ஆயிரக்கணக்கான குப்பிகள். முதலில் வெடித்தவை கொஞ்சம்தான். மிச்சத்தை வெடிக்கவைத்தது நான். மணலால் தேய்த்தது அழுத்தமாக வேலை செய்தது. பாட்டில் தண்ணீர் உப்பில்லாதது, உப்புநீரில் வாழும் செல்லுக்கு அது பட்டதும் சமநிலை குலைந்து குப்பி வெடிக்கிறது. நாம் நல்ல தண்ணீர் என்று சொல்வது இந்த ஓர் இடத்தில் கெட்ட தண்ணீர். மூத்திரமும் அப்படித்தான், சாராயமும் அப்படித்தான். ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி எடு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அதுவும் அழுத்தம்தான் என்று இப்போது விட்டுவிட்டார்கள்.

உள்ளே போன நஞ்சு என்ன செய்கிறது? அதில் பல புரதங்கள். சில, செல்களின் சவ்வில் துளை போடுபவை. துளை வழியே செல்லில் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, நரம்பு முனைகள் வலி வலி என்று கத்துகின்றன. தீக்கங்கை வைத்த மாதிரி, சவுக்கால் அடித்த மாதிரி என்று பட்டவர்கள் சொல்வது இதைத்தான். அப்புறம் உடம்பே தன் பங்குக்கு, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை இறைக்கிறது. இழை பட்ட கோட்டின் மேலேயே தோல் தடித்துச் சிவந்து எழும்புகிறது. ஏவில் இந்த இரண்டாவது கட்டத்துக்கு, அதாவது அரிப்புக்கும் தடிப்புக்கும் கொஞ்சம் உதவும். முதல் கட்ட வலிக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. மருந்தாளுநராகச் சொல்கிறேன், நாம் ஊசி போட்டது நம் திருப்திக்காக.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பத்தாவது நாள், எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தபோது, அதே மணிக்கட்டில் அதே கோட்டில் மறுபடி சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. குழந்தை மறுபடி கடலுக்கே போகவில்லை. வீட்டில் ஆளாளுக்குப் பயந்து, கிழவி சொல் கேட்டு வேப்பிலை எல்லாம் அடித்தாகிவிட்டது. நோய் எதிர்ப்பு மண்டலம் தாமதமாகக் காட்டும் எதிர்வினை அது. ஒன்றிரண்டு வாரம் கழித்து வருவது வழக்கம்தான், ஸ்டீராய்டு களிம்பில் அடங்கிவிடும். ‘இப்படித் திரும்ப வரலாம்’ என்று சீட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த வாரம் எங்களுக்குத் தூக்கம் போயிருக்காது.

இனி வெந்நீருக்கு வருகிறேன். பேத்தி எடுத்த நீல பலூன் கண்டிப்பான அர்த்தத்தில் ஜெல்லிமீன்கூட இல்லை. ‘போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார்’, ‘புளூ பாட்டில்’ என்றெல்லாம் சொல்லும் ஃபைசேலியா. பல சிற்றுயிர்கள் சேர்ந்து ஒரே உடம்பாக வாழும் கூட்டம். நீந்தத் தெரியாது, பாய்மரம் மாதிரி காற்று தள்ளிய பக்கம் போகும். கொண்டல் அடித்தால் நம் கரைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் நியூகாசில் பக்கத்துக் கடற்கரைகளில் இதே வகை கொட்டிய 96 பேரிடம் ஒரு பரிசோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 45 டிகிரி வெந்நீர், மீதிப் பேருக்கு ஐஸ் பொட்டலம். 20 நிமிடம் கழித்துக் கேட்டபோது, வெந்நீர்க்காரர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. ஐஸ்காரர்களில் 33 சதவீதம். நான் ரோஸ்மில்க் வண்டிக்கு ஓடிய ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

நஞ்சு புரதம், சூட்டில் அது கெடும். 45 டிகிரி என்றால் வெப்பமானி தேட வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்த குழந்தைக்கு விளாவும் வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு, ஆனால் கை வைத்தால் தாங்கவேண்டும். கொட்டுப்படாத கையை, அதுவும் பெரியவர் கையை விட்டுப் பார்க்கவேண்டும். வலியில் இருக்கும் குழந்தைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முதலில் கடல்நீரால் கழுவி இழைகளை எடுத்துவிட்டு, அதன் பிறகு வெந்நீரில் 20 நிமிடம். ஹவாயில் ஆராய்பவர்கள் 45 நிமிடம் என்கிறார்கள். பாய்லர் தண்ணீரைக் கடல்நீரிலேயே விளாவலாம், நம் கரையில் எதற்குத்தான் குறை?

சரி, வினிகர்? இதில்தான் உங்கள் உதவி வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடற்கரைகளில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். காரணம் அங்கே பெட்டி ஜெல்லிமீன் உண்டு. நாலு மூலையிலும் இழை தொங்கும் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. அதன் பெரிய வகையான கைரோனெக்ஸ் கொட்டினால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுபோகலாம். ஒரு சின்ன வகை உண்டு, கட்டைவிரல் நகம் அளவுதான். கொட்டியபோது பெரிதாக வலிக்காது. அரை மணி கழித்து முதுகுவலி, வாந்தி, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம், செத்துவிடுவோம் என்ற பீதி. இதற்கெல்லாம் இந்தச் சின்ன வகைதான் காரணம் என்று நிரூபிக்க 1961இல் கெய்ன்ஸ் நகர மருத்துவர் ஜாக் பார்ன்ஸ், அதைத் தன்மேலும் தன் ஒன்பது வயது மகன்மேலும் ஒரு உயிர்காப்பாளர்மேலும் கொட்டவைத்தார். மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பையனின் வயதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பெட்டி வகை கொட்டினால் 30 நொடியாவது வினிகர் ஊற்றவேண்டும். வெடிக்காமல் மிச்சமிருக்கும் குப்பிகளை வினிகர் பூட்டிவிடும் என்பது 1980இலிருந்து தெரியும். உள்ளே போன நஞ்சை அது ஒன்றும் செய்யாது, வலியையும் குறைக்காது. ஆனால் இதே வினிகர் வேறு சில வகைகளில் குப்பிகளை வெடிக்கவைக்கலாம். நீல பலூனுக்கு வேண்டாம் என்கிறது ஆஸ்திரேலிய வழிகாட்டி, ஊற்றலாம் என்கிறார்கள் ஹவாய்க்காரர்கள். ஆக, எந்தக் கரையில் எது கொட்டுகிறது என்று தெரிந்தால்தான் வினிகர் பற்றி முடிவெடுக்க முடியும். நம் கடலில் பெட்டி வகையும் பதிவாகியிருக்கிறது, நீல பலூனும் வருகிறது, சவ்வுக்குடை மாதிரி மிதக்கும் வேறு வகைகளும் ஏராளம். எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில், எது அதிகம்? அதைச் சொல்லவேண்டிய பதிவேட்டில் ‘அன்நோன் பைட்’ என்று எழுதிவைத்திருக்கிறோம்.

பாம்புக்கடிக்கு நாம் என்ன செய்தோம்? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வரவேண்டும், கணக்கு வந்தால்தான் மருந்து எங்கே வேண்டும் என்று தெரியும் என்பது அதன் காரணம். அருமையான வேலை. கடல் கொட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பதிவேட்டில் ‘கடல் கொட்டு’ என்று ஒரு பத்தி, பக்கத்தில் ‘எங்கே, என்ன நிறம், இழை எப்படி’ என்று மூன்று கேள்வி, முடிந்தால் கைபேசியில் ஒரு படம். படத்தைப் பார்த்து வகை சொல்ல ஆள் இல்லாமலா இருக்கிறார்கள்? மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அவர்களுக்கும் நம் சுகாதார நிலையங்களுக்கும் இடையே ஒரு வாட்ஸ்அப் குழு போதும். தேர்தல் நேரத்தில் ஒரே இரவில் நீங்கள் எத்தனை குழு தொடங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா!

ஜெல்லிமீனை நம் அரசாங்கம் கவனிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் வழியில் அவை கூட்டமாக வந்து வலைச்சல்லடைகளை அடைத்துக்கொள்வது பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். இயந்திரத்தின் தொண்டை அடைத்தால் ஆய்வுக் கட்டுரை வருகிறது, குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றினால் ‘அன்நோன்’. கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் கோபம்தான்.

மும்பை ஜுஹு கடற்கரையில் 2018 ஆகஸ்டில் நீல பலூன்கள் ஒதுங்கி, சுமார் 150 பேருக்குக் கொட்டியதாகச் செய்தி வந்தது. கோவாவில் 2020 நவம்பரில் இரண்டே நாளில் 90 பேருக்கு மேல். அங்கே கரையிலேயே நிற்கும் உயிர்காப்பாளர்கள் முதலுதவி கொடுத்தார்கள், அதனால்தான் அந்த எண்ணிக்கையே நமக்குத் தெரியவந்தது. எண்ணுவதற்கு ஆள் இருக்கும் இடத்தில் 90 என்று வருகிறது. ஆள் இல்லாத இடத்தில் பூஜ்யம் என்று வரும், அதைப் பார்த்து நம் ஊர்க் கடல் சாது என்று நினைத்துக்கொள்வோம்.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. நம் கரையில் படும் கொட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மணி நேர வலியோடும் சில நாள் அரிப்போடும் போய்விடும். ஆனால் ஒவ்வாமை என்று ஒன்று இருக்கிறது. ‘அனஃபிலாக்சிஸ்’ என்று மருத்துவமனைகளில் சொல்லும் ஆபத்தான ஒவ்வாமைக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த நீல பலூனைத் தொட்டுத்தான். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஃபைசேலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பியபின் அதன் உறவினரான கடல் சாமந்தியின் நஞ்சை எடுத்துக்கொண்டு நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். தடுப்பூசி மாதிரி உடம்பு பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. சில வாரம் கழித்து மறுபடி சிறிதளவு கொடுத்தபோது, சற்று நேரத்தில் மூச்சுத் திணறிச் செத்துப்போனது. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902இல் அந்தப் பெயரை வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு.

கடலில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கரைவலை இழுப்பவர்கள், வலையிலிருந்து மீனைப் பிரிப்பவர்கள், வருடத்துக்கு எத்தனையோ தடவை சொறி பட்டவர்கள். “பழகிப்போச்சு, ஒண்ணும் பண்ணாது” என்பார்கள். முன்பு ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை. உதடு வீங்குவது, குரல் கம்முவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது, தலை சுற்றிச் சாய்வது. இதில் ஏதாவது வந்தால் ஏவில் ஊசி உயிரைக் காப்பாற்றாது. அட்ரினலின்தான் காப்பாற்றும். பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கவேண்டிய மருந்து அது, விலையும் மலிவு. ஆனால் அதைப் போட நம்மவர்களுக்கு ஏனோ ஒரு பயம். அந்தப் பயத்தைப் போக்க ஒரு சுற்றறிக்கை வேண்டும், அது உங்கள் கையெழுத்தில் போனால் எடுபடும். வலையை உதறும்போது இழைத் துணுக்கு கண்ணில் தெறிப்பது மீனவர்களுக்கு வரும் இன்னொரு பிரச்சினை. அதைக் கசக்காமல் நேராகக் கண் மருத்துவரிடம் போகச் சொல்லவேண்டும், சுற்றறிக்கையில் அதற்கும் ஒரு வரி.

கடற்கரையில் என்ன வேண்டும்? முதலில் டீக்கடைக்காரர்கள் வேண்டும். கடற்கரைக் கடைகளுக்கு உரிமம் கொடுக்கும்போது ஆயிரம் நிபந்தனை போடுகிறோம். ‘கொட்டுப்பட்டு வருபவர்களுக்கு ஒரு வாளி வெந்நீர் தரவேண்டும்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். அரை மணி நேரம் கூப்பிட்டு உட்காரவைத்து எப்படி விளாவுவது, யார் கையை விட்டுப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். வினிகர் பாட்டிலும் அதே வரிசையில் ஃப்ரைடு ரைஸ் வண்டியில் இருக்கிறது, சுமார் 4 சதவீத அசிட்டிக் அமிலம், ஆஸ்திரேலியாவில் கம்பத்தில் தொங்குவதும் கிட்டத்தட்ட அதேதான். பச்சை மிளகாய் ஊறப்போட்டதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மருந்தும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. என்னைப் போன்ற படித்த முட்டாள் ஐஸ் வண்டிக்கு ஓடாமல் தடுக்க ஒரு பலகை மட்டும் இல்லை.

‘குளிப்பது ஆபத்து’ என்ற சிவப்புப் பலகைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றின் கீழேயே எல்லாரும் குளிக்கிறார்கள். நான் கேட்பது தடைப் பலகை இல்லை, என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் பலகை. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரை, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றிருக்கிறது, அந்தச் சான்றுக்கான விதிகளிலேயே முதலுதவி வசதி உண்டு. இனி வேறு எந்தக் கடற்கரைக்குக் கொடி கேட்டாலும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் மட்டும் வைக்காமல் ஓர் இடுக்கி, ஒரு பிளாஸ்க், ஒரு வாளி சேர்த்துவிடச் சொல்லுங்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கும் இடத்தில் அவர்களிடம் வினிகரும் இருக்கட்டும், பெட்டி வகை என்று தெரிந்தால் எடுக்க.

காலையில் வலை வரும்போதே அன்றைக்குச் சொறி அதிகமா என்று மீனவர்களுக்குத் தெரிந்துவிடும். கடல் சீற்றத்துக்கும், திடீரென்று அலை பொங்கி வரும் கள்ளக்கடலுக்கும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்திலிருந்து எச்சரிக்கை வாங்கி ஒலிபெருக்கியில் சொல்கிறோம். இதற்கு ஹைதராபாத் வரை போகவேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு இறங்குதளத்தில் யாராவது ஒருவர் “இன்னிக்கு சொறி எப்படிண்ணே?” என்று கேட்டுவந்து பலகையில் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டினால் போதும். அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில் கரையிலிருந்து அவர்களை ஒதுக்கிக்கொண்டே போகிறோம். அந்த மீன்கூடை அம்மாள் அன்று அங்கே இல்லாதிருந்தால் நான் இன்னும் எவ்வளவு நேரம் மணலைப் போட்டுத் தேய்த்திருப்பேனோ.

ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கொட்டும் குழல் மிகக் குட்டையானது, மெல்லிய துணியைக்கூடத் தாண்டாது. குவீன்ஸ்லாந்தில் உயிர்காப்பாளர்களான ஆண்கள் ஒரு காலத்தில் பெண்கள் அணியும் நைலான் காலுறையைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினார்களாம். சுடிதாரோடும் புடவையோடும் அலையில் நிற்கும் நம் பெண்களைக் கேலி செய்து மீம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். அன்று என் பேத்தி போட்டிருந்தது அரைக்கைச் சட்டை.

அவள் மணிக்கட்டில் தழும்பு இன்னும் பழுப்பாகத் தெரிகிறது, காப்பு போட்ட மாதிரி. மங்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் தோல் மருத்துவர். பள்ளியில் தோழிகள் கேட்டால், கடலுக்குள் ஒரு ராணி போட்டுவிட்ட வளையல் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

பலகைக்கான வாசகத்தை எழுதிவைத்திருக்கிறேன், ஆறே வரிதான். உங்கள் சுகாதாரத் துறை இணை இயக்குநர்களும் மருத்துவர்களும் பார்த்துத் திருத்தட்டும்:

சொறி பட்டதா? தேய்க்காதீர்கள்.
குடிதண்ணீர், ஐஸ், மணல் வேண்டாம். கடல்நீரால் கழுவுங்கள்.
இழைகளை இடுக்கியால் அல்லது விரல்நுனியால் மெல்ல எடுங்கள்.
டீக்கடையில் வெந்நீர் கேளுங்கள். பெரியவர் கை தாங்கும் சூடு, 20 நிமிடம்.
மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால், மயங்கினால் உடனே 108.
பத்து நாள் கழித்துத் திரும்ப அரித்தால் பயப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். அன்றைய தேதிக்கு அந்தச் சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டில், பெண் குழந்தை, வயது 9 என்ற வரிக்கு எதிரே ‘அன்நோன் பைட்’ என்று இருக்கும். எந்த நிலையம் என்பதை உங்களில் உரியவருக்குத் தனியாக எழுதி அனுப்புகிறேன். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ‘சொறிமுட்டை, நீல வகை, வலது மணிக்கட்டு’ என்று திருத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் திருத்தியவர் சுருக்கொப்பம் போடவேண்டும், அதுதான் விதி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்